மருந்துக்கடையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



உடம்பில் அரிப்பு, படை என்று வந்தால் நாம் முதலில் எங்கே போகிறோம்? தெருமுனை மெடிக்கலுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே அரிப்பு என்றால் டாக்டரிடம் காட்டவும் கூச்சம். அதனால், "அண்ணே, படர்தாமரைக்கு ஒரு டியூப் குடுங்க" என்று வாங்கி வருகிறோம். கடை பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் எந்த டியூப் வீட்டுக்கு வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

படர்தாமரை பூஞ்சைக் கிருமியால் வருவது. வியர்வை, ஈரத்துணி, இறுக்கிக் கட்டிய பாவாடை எல்லாம் அதற்குச் சாதகம். கடையில் கிடைக்கும் சில களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் சீக்கிரம் அடக்கிவிடும். "கை கண்ட மருந்து" என்று நினைப்போம். ஆனால் பூஞ்சை சாகாது. அதை எதிர்க்கும் தோலின் சக்திதான் குறையும். பூசுவதை நிறுத்தினால் படை முன்பைவிடப் பெரிதாகப் படரலாம். அதன் உருவமே மாறிவிடுவதால் டாக்டருக்கும் கண்டுபிடிப்பது சிரமம். அதற்குள் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

முகம் வெளுக்க வேண்டும் என்று இதே களிம்பைப் பூசுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முடி முளைக்கும், வெயில் பட்டால் எரியும். அப்படிப் பூசி வருபவர்கள் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஆகவே "சீட்டு கொண்டு வாங்கம்மா" என்று சொல்லும் மருந்தாளுநரிடம் கோபப்படாதீர்கள். அவர்தான் நம் நலம் பார்ப்பவர்.

இனி கடையில் இந்த மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதல் கேள்வி: "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூப்பில் போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது: "எப்படிப் போடணும், எத்தனை நாள் போடணும்?" படர்தாமரை மருந்தை அரிப்பு நின்றதும் விட்டுவிடக் கூடாது, சொன்ன நாள் வரை பூச வேண்டும். சிரங்கு என்றால் வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும். துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். துண்டு ஆளுக்கு ஒன்று.

மூன்றாவது: "இதை டாக்டர்கிட்ட காட்டணுமா?" நிறம் வெளிறிய, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமலுக்குக் களிம்பு வாங்கிப் பூசி நாளைக் கடத்தாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அதற்கு மருந்து இலவசம். முழுமையாகக் குணமாகும். தாமதித்தால்தான் கை, கால் ஊனமாகும். சீழோடு காய்ச்சல், கைக்குழந்தைக்குப் படை, கர்ப்பிணிக்குப் படை என்றாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

சகோதரிகளே, நூறு ரூபாய் உள்கடனுக்கும் நோட்டைப் புரட்டிக் கணக்குக் கேட்கிறவர்கள் நாம். உடம்பில் பூசும் மருந்துக்கு மட்டும் கேள்வி கேட்காமல் இருக்கலாமா?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டில் இருக்கும் களிம்பு டியூப்களை எடுத்து வாருங்கள். ஊக்குநர்கள் கிராம சுகாதார செவிலியரை அழைத்து வாருங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அதைத் தீர்மான நோட்டிலும் எழுதி வைப்போம்.