குறித்த நாளும் பிறக்கும் நாளும்



வைத்தியர் குறிக்கும் பிரசவத் திகதியை முகூர்த்த நாளாகவே கொண்டு, அது தப்பினால் கலங்கும் வீடுகள் பல. அத்திகதி எவ்வாறு பெறப்படுகின்றது? கடைசி மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள் எண்ணப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வைத்தியர் நேகெலேயின் பெயரால் வழங்கலான கணக்கு இது. மாதவிலக்கு 28 நாட்களுக்கொருமுறை வருமென்பது இதன் அடிப்படை. எல்லாப் பெண்களுக்கும் அவ்வாறு வருவதில்லை. முதல் மூன்று மாதத்துள் எடுக்கும் ஸ்கான் படம் இக்கணக்கைத் திருத்த உதவும். எனினும், நூற்றில் ஏறக்குறைய 5 குழந்தைகளே குறித்த நாளிற் பிறக்கின்றன. 37 வாரம் நிறைந்து 42 வாரத்துக்குள் பிறத்தல் பெரும்பாலும் இயல்பே.

ஆதலின், நாள் தப்பியதென்று தாயை நோவது முறையன்று, வாளாவிருத்தலும் தகாது. திகதி கடந்தால் வைத்தியரைக் காணுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால், எந்நாளாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.