அந்த ஓர் இரவும் அதற்கு முந்தைய ஆண்டுகளும்

 

ஆண்டுக்கணக்கில் அடிபட்ட ஒரு பெண், ஒருநாள் தன்னை அடித்தவனைக் கொன்றுவிட்டால் அவளுக்கு என்ன தண்டனை தகும்? கொலையை நியாயப்படுத்த நாம் பாறசாலையில் இந்தக் கருத்தரங்கில் கூடவில்லை. தண்டனையை எடைபோடும் நீதிமன்றத்தின் முன் அவளுடைய முழு வாழ்க்கையும் வைக்கப்படுகிறதா என்று கேட்கவே கூடியிருக்கிறோம்.

இந்தத் தமிழக-கேரள எல்லை மண்ணில் அக்கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்தது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அதனால் அடி விழும் வீடு ஒரு மாநிலத்திலும், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்வீடு மறு மாநிலத்திலும் இருக்கக்கூடும். காயத்துக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு ஓரிடத்தில். ஸ்டேஷனில் எழுதி வாங்கிய சமாதானக் கடிதம் வேறிடத்தில், வேறு மொழியில். வழக்கு வரும்போது இவற்றைத் தேடிச் சேர்ப்பது யார்?

நாடறிந்த ஷாரோன் ராஜ் வழக்கு இந்த ஊர்களில்தான் நடந்தது. 2022 அக்டோபரில் தமிழக எல்லைக்குள் ஒரு வீட்டில் கஷாயத்தில் நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டது; மரணம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில்; விசாரணை நெய்யாற்றின்கரை அமர்வு நீதிமன்றத்தில். அந்தரங்கப் படங்களைக் காட்டி மிரட்டினார் என்று இறந்த இளைஞர் ஷாரோன் மீது, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் தரப்பு சொன்ன குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே அதைத் தற்காப்பு வழக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். மகனை இழந்த குடும்பத்துக்கு அது அநீதி. நான் சுட்டுவது வேறு. 2025 ஜனவரி 17இல் குற்றவாளி என்ற தீர்ப்பு, 20இல் மரண தண்டனை. தண்டனை பெற்ற பெண்ணுக்கு அப்போது வயது 24. மேல்முறையீடு உயர் நீதிமன்றம் சென்றது. குற்றத்தை நிறுவ மாநில எல்லை அங்கே தடையாகவில்லை. சாட்சியம் எல்லை கடந்து வந்து சேர்ந்தது. தண்டனையைத் தணிக்கக்கூடிய சாட்சியமும் அதே முனைப்போடு எல்லை கடக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சட்டத்தின் இறுக்கம் எங்கே இருக்கிறது? கொலை என்று முடிவானால் ஆயுள் அல்லது மரணம், இரண்டே தண்டனைகள். கொலையல்லாத மரண விளைவு என்றால் நீதிபதிக்குத் தண்டனையைக் குறைக்க இடம் உண்டு. அந்த வகைக்குள் வர ஒரு வாசல், ‘கடுமையான, திடீர்’ ஆத்திரமூட்டல். இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து இந்த விதிவிலக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவுக்கு அப்படியே வந்திருக்கிறது. பத்தாண்டு அடி வாங்கியவளிடம் ‘திடீர்’ என்ற அளவுகோலை நீட்டினால் அவள் எப்படித் தேறுவாள்? எதிர்த்து நிற்க உடலில் வலுவில்லாதவள், அவன் தூங்கும்வரை காத்திருந்தால் அது திட்டமிட்ட கொலையாகிவிடுகிறது.

ஆனாலும் 1961இல் நானாவதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இறந்தவரின் முந்தைய செயல்கள் உண்டாக்கிய மனநிலையையும் கருதலாம் என்றது. 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், நம் நல்லதங்காளை நினைவுகூர்ந்து, நீடித்த ஆத்திரமூட்டலும் விதிவிலக்காகும் என்றது. 2013இல் கௌகாத்தி உயர் நீதிமன்றம், அடித்த கட்டையையே பிடுங்கிக் கணவனைத் திருப்பி அடித்த மனைவியின் ஆயுள் தண்டனையைக் குறைத்தது. இங்கிலாந்தில், வதைத்த கணவனைக் கொன்ற வழக்கில் கிரண்ஜித் அலுவாலியா 1989இல் ஆயுள் தண்டனை பெற்றார். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் போராட்டத்துக்குப் பின் 1992இல் விடுதலையானார். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ‘திடீர்’ என்ற நிபந்தனையையே நீக்கியது. நம்மிடம் தீர்ப்புகள் உண்டு; சட்ட வரி இன்னும் மாறவில்லை.

காவல்துறை நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை சாட்சி. 2012இல், பெற்ற மகளிடமே அத்துமீற முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற தாயை, காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் தற்காப்புரிமை தந்த அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி விடுவித்தார். முதல் நாளே சரியான கேள்வி கேட்கப்பட்டது. பல பெண்களுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வருவதில்லை.

அறிஞர்களே, மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். 1980இன் பச்சன் சிங் தீர்ப்பு, கடும் மனக்கொந்தளிப்பையும் பிறர் ஆதிக்கத்துக்கு ஆட்பட்டிருந்ததையும் தணிப்புக் காரணங்களில் சேர்த்துப் பேசியது. 2022இன் மனோஜ் தீர்ப்பு, மரண தண்டனை வழக்குகளில் மனநல மதிப்பீட்டையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையையும் கேட்கிறது. முதலாவதாக, இத்தகைய விசாரணையை வதைபட்ட ஒவ்வொரு பெண்ணின் வழக்குக்கும் விரிக்க வழி காணுங்கள். அடுத்து, அடைக்கலம் புகுந்த ஊரிலேயே மனைவி புகார் தரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ரூபாலி தேவி வழக்கில் சொன்னது. எல்லையின் இரு பக்கத்துக் களியக்காவிளையிலும் பாறசாலையிலும் அது எப்படி நடைமுறையாகும் என்று வரையறுங்கள். மூன்றாவதாக, நீடித்த வதையைச் சட்டத்தின் விதிவிலக்கிலேயே எழுதும் திருத்த வரைவை இந்த அவையிலிருந்து அனுப்புவோம்.

ஒரு பெண் கொலைகாரியாக நிற்குமுன் பலமுறை உதவி கேட்டு நின்றிருப்பாள். அந்தக் கதவுகளைத் திறக்காத சமூகமும் அரசும், தண்டனை நாளில் மட்டும் முழு வலிமையோடு அவளிடம் வருவது அறமாகாது. இந்த எண்ணத்தோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.