மின்மினி பார்க்கும் படகு

வார இறுதியில் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? கிள்ளானுக்கு வடக்கே, கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தான் இருக்கிறது. இருட்டிய பிறகு சிலாங்கூர் ஆற்றில் சம்பான் படகில் ஏறினால், கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் தாளம் தப்பாமல் சேர்ந்து மின்னும். படகுக்கு மோட்டார் கிடையாது. துடுப்புப் போடுபவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

மரத்தை வெட்டினால் மின்மினி இல்லை. மின்மினி இல்லாவிட்டால் படகுக்கு ஆளில்லை. மின்மினியின் புழுக்களோ ஆற்றோரச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்பவை. ஆகவே கரை மண்ணும் கெடக்கூடாது. செம்பனைத் தோட்டம் ஆற்றை நெருங்கினால் அது பூச்சி ஆய்வாளரின் கவலை மட்டுமல்ல, ஊரின் வயிற்றுப்பாடு.

போகிறவர்கள் முழுநிலா நாளைத் தவிர்த்துவிடுங்கள், மின்மினியின் ஒளி எடுபடாது. கைப்பேசி விளக்கையும் அணைத்துவிடுங்கள்; படகோட்டி முறைத்தால் நியாயம் அவர் பக்கம்தான்.