மறுபடி நனைக்கத் தொடங்கிய பிள்ளை: திட்டுவதற்கு முன் கேளுங்கள்

(பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் பலர் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. எந்தச் சேவை எங்கே கிடைக்கும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் என் பணி. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது, பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற ஒரு விஷயம்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாயை நனைக்கிற பழக்கத்தை நாலு வயதிலேயே விட்டுவிட்டது. நீங்களும் அதை மறந்தே போய்விட்டீர்கள். திடீரென்று ஒரு வாரமாக விடிந்தால் பாய் ஈரம். பகலிலும் விடவில்லை, பள்ளி விட்டு வரும்போது சீருடை நனைந்திருக்கிறது. வீட்டில் முதலில் வருகிற வார்த்தை என்ன? "இவ்ளோ பெரிய பிள்ளை, வெட்கமா இல்ல?" அடுத்தது, "சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கக் கூடாது." சில வீடுகளில் அடி. இன்னும் சில இடங்களில் சூடு.

இந்த நான்குமே தவறு. அதில் தண்ணீரை நிறுத்துவது சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

சின்ன வயதிலிருந்தே இரவில் நனைக்கிற பிள்ளைகள் உண்டு. ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் பதினைந்து பேர் வரை அப்படி இருப்பார்கள். பெரும்பாலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் அந்தப் பழக்கம் இருந்திருக்கும். வளர வளரத் தானாகக் குறையும். அதில் பதற்றம் வேண்டியதில்லை.

ஆனால் ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் கதை வேறு. அதுவும் இரவோடு பகலும் சேர்ந்துகொண்டால், உடம்பிலோ மனதிலோ புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. சோம்பேறித்தனமும் இல்லை. காரணத்தைத் தேட வேண்டிய நேரம் அது.

முதலில் சர்க்கரை

காரணங்களில் அடிக்கடி வருவது இதுவல்ல. ஆனாலும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நாள் கணக்கு முக்கியம்.

சர்க்கரை நோய் பெரியவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம். முதல் வகை சர்க்கரை நோய் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அது சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விட ஆரம்பிக்கும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பிள்ளை மணிக்கொரு தரம் ஒன்றுக்குப் போகிறது, இரவில் அடக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விடுகிறது. போன தண்ணீரை ஈடுகட்டத்தான் குடம் குடமாகக் குடிக்கிறது. "நிறைய குடிக்கிறான், அதான் நனைக்கிறான்" என்று நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டு சொம்பைப் பிடுங்குகிறோம். உடம்பு இன்னும் காய்ந்துபோகும்.

அடையாளங்கள் இவை: அடங்காத தாகம், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பது, எந்நேரமும் சோர்வு, சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பது. நனைப்பதோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிடத்தில் பதில். இந்த அடையாளங்களோடு அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, மூச்சில் பழ வாசனை, மயக்கமாகக் கிடப்பது: இவை வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வெறும் வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் கொடுத்து ஒரு இரவை வீணாக்கினால், அந்த இரவே பெரிய விலை கேட்கும்.

இனிப்பு நிறைய தின்றதால் வந்தது என்று பிள்ளையையோ அம்மாவையோ யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். இந்த வகைக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. சரியான நேரத்தில் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே படிக்கலாம், ஓடி விளையாடலாம்.

அடிக்கடி காணும் காரணங்கள்

சிறுநீர்த் தொற்று. பெண் பிள்ளைகளிடம் அதிகம். எரிச்சல், அடிவயிற்று வலி, சொட்டுச் சொட்டாகப் போவது, சிறுநீர் கலங்கி நாற்றமடிப்பது, சில நேரம் காய்ச்சல். சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முதலில் கொஞ்சம் கீழே போகவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கி இரண்டு வேளை மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால், என்ன கிருமி என்பதே பரிசோதனையில் மறைந்துபோகும்.

மலச்சிக்கல். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்து வீடு. மலம் கட்டிக்கொண்டு குடல் வீங்கினால் சிறுநீர்ப்பையை நெருக்கும். கொஞ்சம் சேர்ந்தாலே அவசரமாக வரும், முழுவதும் வெளியேறாமல் மிச்சமும் நிற்கும். வாரத்துக்கு இரண்டு முறைதான் பிள்ளை வெளிக்குப் போகிறதா, ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகிப் போகிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் சரியானதும் நனைப்பதும் நின்றுபோன பிள்ளைகள் நிறைய.

அடக்கி வைப்பது. எட்டு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமார் 270 மில்லி பிடிக்கும். ஒரு டம்ளரை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு வீட்டில் போய்விட்டு மாலை ஐந்து மணிக்குத்தான் அடுத்த முறை என்றால் அது எங்கே நிற்கும்? பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம் தாங்கவில்லை என்றால் பிள்ளை போகாது. போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரும் குடிக்காது. அதிலிருந்து தொற்று, மலச்சிக்கல், நனைப்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

கீரிப்பூச்சித் தொல்லையும் ஒரு காரணம். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டே தூங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிதாகக் குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுத் தூங்குவதையும் சொல்லுங்கள். நடை மாறுவது, காலில் பலம் குறைவது, முதுகு வலி, தெரியாமல் மலமும் போய்விடுவது ஆகியவை இருந்தால் முதுகுத் தண்டைப் பார்க்க வேண்டியிருக்கும். அதையும் தள்ளிப் போடக் கூடாது.

மனதுக்குள் என்ன?

உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, அல்லது அதே நேரத்திலேயே, பிள்ளையின் நாட்களைக் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். வீட்டில் தம்பி பிறந்தானா? தாத்தா இறந்தாரா? பள்ளி மாறியதா? அப்பா அம்மா சண்டை கூடியதா? வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா? பெரியவர்கள் புலம்பித் தீர்ப்பார்கள். பிள்ளைக்கு அந்த வார்த்தை கிடையாது. உடம்பு பேசும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டாலும் இப்படி நனைக்க ஆரம்பிக்கலாம். நனைக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படி நடந்திருக்கிறது என்று சொல்லவில்லை, பெரும்பாலும் காரணம் வேறாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிவது, ஒரு இடத்துக்குப் போகவே மறுப்பது, அந்தரங்க இடத்தில் வலி, காயம், தூக்கத்தில் அலறுவது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். பிறகு 1098-ஐ அழையுங்கள்.

போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத காவல் அதிகாரி பதிவு செய்யலாம். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெயரையோ முகத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

எங்கே போவது?

முதல் இடம் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். ரத்தச் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் அங்கேயே முடியும். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை ஒன்றுக்குப் போனது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எப்போது நனைத்தது, மலம் எப்படிப் போனது. டாக்டருக்கு இந்த ஒரு பக்கம் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். முன்பு சொன்ன சர்க்கரை அடையாளங்கள் இருந்தால் மட்டும் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. அவர்கள் வரும் நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் அவர்களே பரிந்துரைப்பார்கள்.

போனில் ஆலோசனை வேண்டுமென்றால் 104. மன அழுத்தம் பற்றிப் பேச 14416. பள்ளி தொடர்பான புகார், ஆலோசனைக்கு 14417. எல்லாமே கட்டணமில்லா எண்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாராளமாகக் குடிக்கட்டும், அதைப் பகல் முழுக்கப் பிரித்துக் குடிக்கட்டும். மாலையில் டீ, காபி, கோலா வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள். படுக்கும் முன் ஒருமுறை கட்டாயம். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி என்று நார்ச்சத்து சேருங்கள். பாய்க்கு மேல் ஒரு ரப்பர் ஷீட், பைக்குள் மாற்றுத் துணி. ஈரத்துணியை மாற்றப் பிள்ளை கூட உதவலாம், ஆனால் அது தண்டனையாக இருக்கக் கூடாது. அண்ணன் தம்பி முன்னால், பக்கத்து வீட்டார் முன்னால் இதைப் பேசவே வேண்டாம். சூடு வைப்பது சிகிச்சை இல்லை, சட்டப்படி குற்றம்.

பள்ளியில் கேட்க வேண்டியது

இங்கே ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். "மிஸ், ஒன்னுக்கு" என்று கை தூக்குகிற பிள்ளையை, "இப்பதானே இன்டர்வெல் விட்டோம்" என்று உட்கார வைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 உடல் தண்டனையை மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. நனைந்த பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்துவது அதில் அடங்கும்.

பெற்றோர்களே, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் இரண்டும் அதே சட்டம் பள்ளிக்கு விதித்திருக்கும் கட்டாயம். நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள். கழிப்பறைக்கு நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் இருக்கின்றனவா? இல்லையென்றால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு தாழ்ப்பாளின் விலை அதிகமில்லை. அது இல்லாததால் ஒரு பெண் பிள்ளை காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்துக்கு வராத பெற்றோர் உங்கள் தெருவில் இருப்பார்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். "நல்லா இருந்த பிள்ளை திடீர்னு நனைச்சா அடிக்காதீங்க, சர்க்கரையும் சிறுநீரும் பார்த்துடுங்க" என்ற ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். அது போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒரு சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுங்கள். உங்கள் சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுப் பதிலை வாங்கித் தருகிறேன்.