கசக்காத வெள்ளரியும் ஓர் எலுமிச்சையும்



இன்றைக்கு நான் பேசப்போவது அடுப்பே பற்றவைக்காமல் செய்கிற ஒரு பண்டத்தைப் பற்றி. ராமநவமியன்று பானகம், நீர்மோரோடு வெள்ளரியும் பாசிப்பருப்பும் கலந்து கொடுப்பார்களே, அந்தக் கோசுமரிதான். பட்டணத்தில் சாலட் என்பார்கள். அடுப்பு வேலை இல்லாததால் இதை ஆண்பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்பது என் யோசனை. சிரிக்காதீர்கள் ஐயா, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

நம்ம கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துத் தாய்மார்கள் பலர் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கேரள மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறார்கள். மிச்சத்தில் சோறும் ரசமும் இருக்கும், காய் இருக்காது. அவர் கர்ப்பிணியாக இருந்தால் இரத்தசோகை வந்து சேரும். சோகை பிடித்த உடம்பு பிரசவத்தில் உதிரப்போக்கைத் தாங்காது.

வெள்ளரிக்காய் தின்றால் இரத்தம் ஊறும் என்று நான் சொல்லவில்லை. அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். வேலை செய்வது அதில் பிழிகிற எலுமிச்சை. கீரை, கேழ்வரகு, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் வாங்கிக்கொள்ளாது. எலுமிச்சையின் வைட்டமின் 'சி' கூடவே போனால் வாங்கிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துபோகும். ஒரு மணி நேரமாவது போகட்டும். நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு இது பதில் ஆகாது. நாலாம் மாதத்திலிருந்து அதைத் தினமும் போட வேண்டும், பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள்.

செய்முறை கேளுங்கள். இரண்டு கைப்பிடி பாசிப்பருப்பை, கொதித்து ஆறிய தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப் போடுங்கள். இரண்டு வெள்ளரி, ஒரு கேரட் இரண்டையும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவி, பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவுவது தப்பு. தோலில் உள்ள மண்ணிலும் மருந்திலும் கத்தி பட்டு, அதெல்லாம் உள்ளே போய்விடும். கறி வெட்டிய அரிவாள்மனையும் ஆகாது. பருப்பை வடித்துச் சேர்த்து, கொஞ்சம் தேங்காய்த் துருவல், மல்லித்தழை, பச்சை மிளகாய் போட்டு ஒரு எலுமிச்சை பிழியுங்கள். உப்பைச் சாப்பிடும் நேரத்தில் சேர்த்தால் தண்ணீர் விடாது. முளைகட்டிய பயறு என்றால் கர்ப்பிணிக்குப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

நறுக்குமுன் ஒன்று. காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுசாக எறிந்துவிடுங்கள். "பாகற்காய் கசக்கவில்லையா? கசப்பு உடம்புக்கு நல்லதுதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. சுரை, பீர்க்கு, வெள்ளரி கசந்தால் அது விஷம். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் உயிரிழந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. சுவைத்துப் பார், கசந்தால் எறி என்றுதான் அவர்களும் 2012-ல் வெளிவந்த அறிக்கையில் சொன்னார்கள். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. சமைத்தாலும் அந்த விஷம் போகாது. ஜெர்மனியில் 2015-ல் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு பெரியவர் இறந்தே போனார். சுக்கினி என்பது பூசணி ஜாதிக் காய். வேலியோரம் பேய்ச்சுரை படர்ந்திருந்தால் பக்கத்துச் சுரையிலிருந்து எடுத்த விதை மாறிப்போகலாம், ஜாக்கிரதை. தெரியாமல் தின்று வாந்தி, பேதி, வயிற்றுவலி கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தோட்டத்துக்குக் கொண்டுபோக, நறுக்கி டப்பாவில் அடைக்காதீர்கள். மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். கழுவிய முழு வெள்ளரி, ஒரு எலுமிச்சை, சுத்தமான கத்தி கொடுத்தனுப்புங்கள், கூடவே ஒரு சோப்புத் துண்டும். ஏலச்செடிக்கு அடித்த மருந்து கையில் இருக்கும். சோப்புப் போடாமல் அந்தக் கையால் சாப்பிடக் கூடாது.

ஐயா, சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும்போது பருப்பு ஊறியிருக்கட்டும். பிசைந்ததும் முதல் கிண்ணத்தை அந்த அம்மாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் போடுங்கள்.