வென்றவர் வீட்டு விருந்து



பந்தயத்திலே வென்றவனுக்குக் கிண்ணம் கொடுப்பார்கள்; மாலை இடுவார்கள்; பொற்கிழி வழங்குவதும் உண்டு. ஆனால், கிண்ணத்தைக் கையிலே கொடுத்துவிட்டு, "ஐயா, அடுத்த ஆண்டு எங்கள் எல்லோருக்கும் உமது வீட்டிலேதான் விருந்து, பந்தல் போடுவதும் உம்முடைய பாடு" என்று சொல்லிச் செல்லுகின்ற பந்தயமும் ஒன்று உண்டு. ஐரோப்பிய நாடுகளின் ஒலிபரப்பு நிலையங்கள் ஒன்றுகூடி நடாத்திவரும் 'யூரோவிஷன்' பாடற்போட்டியே அது. பாடுபவர் ஒருவர், புகழ் நாட்டுக்கு, அடுத்த ஆண்டு போட்டியை நடாத்தும் சுமையோ அந்நாட்டின் தேசிய ஒலிபரப்பு நிலையத்துக்கு. அந்தச் சுமையை ஒரு சிறிய நாட்டின் நிலையம் தாங்கிய வகையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

இப்போட்டி தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1950ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. போரினால் பிளவுண்ட நாடுகளை ஒரே வேளையில் ஒரே நிகழ்ச்சியைக் காணவும் கேட்கவும் செய்ய வேண்டுமென்று அதிலே பலர் விரும்பினர். அவர்களுள் முன்னின்றவர் சுவிற்சலாந்து ஒலிபரப்புத் துறையைச் சேர்ந்த மார்செல் பெசான்சோன் என்பவர். 1956 மே 24ஆந் திகதி சுவிற்சலாந்தின் லூகானோ நகரிலே முதற்போட்டி நடந்தது. ஏழு நாடுகள்; நாட்டுக்கு இரண்டாகப் பதினான்கு பாடல்கள். தொலைக்காட்சிப் பெட்டி அரிதாயிருந்த காலமாதலால், பெரும்பாலோர் அதனை வானொலியிலேயே கேட்டனர் என்பது நம்போன்ற வானொலி அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சுவிற்சலாந்தே வென்றது.

வென்ற நாடே அடுத்த முறை நடாத்தவேண்டும் என்னும் வழக்கம் அன்றே பிறந்துவிடவில்லை. 1957இலே போட்டி ஜேர்மனியில் நடைபெற்றது. அவ்வாண்டு நெதர்லாந்து வென்று, 1958இலே தன் நாட்டில் நடாத்தியது முதற்கொண்டே இவ்வழக்கம் வேரூன்றியது. வேரூன்றியவுடனேயே அதனைத் தாங்க மாட்டாதவர்களும் தோன்றினர். 1959இலே மறுபடியும் வென்ற நெதர்லாந்து, "இப்போதுதானே நடாத்தினோம்" என்று ஒதுங்கிக்கொண்டது. 1963இலே பிரான்சு ஒதுங்கியது. 1971இல் வென்ற மொனாக்கோவுக்குப் பொருத்தமான மண்டபம் கிடைக்கவில்லை. 1972, 1973 ஆகிய ஈராண்டும் தொடர்ந்து வென்ற இலக்சம்பேர்க், ஒருமுறை விருந்து வைத்ததோடு கையை விரித்துவிட்டது. இந்த நான்கு தடவைகளிலும் பந்தலைத் தன் முற்றத்திலே போட்டுக்கொடுத்தது பிரித்தானியாவின் பி. பி. சி. நிலையமே. 1980இலே இஸ்ரவேல் மறுத்தபோது, நெதர்லாந்து முன்வந்து ஹேக் நகரிலே நடாத்திற்று.

மறுத்தவர்களைக் குறைகூற நான் ஆயத்தமாயில்லை. பொதுமக்கள் செலுத்தும் அனுமதிப்பத்திரக் கட்டணத்திலே வாழுகின்ற நிலையம், ஓரிரவுப் பாட்டுக்கு ஓராண்டுப் பணத்தைக் கொட்டிவிட்டு, செய்திக்கும் சிறுவர் நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் கையைப் பிசைந்து நிற்பதென்றால், அதனை எவ்வாறு நியாயப்படுத்துவது? விருந்தை மறுப்பது வெட்கமன்று. கடன்பட்டு விருந்து வைத்து, பிள்ளைகளைப் பட்டினி போடுவதே வெட்கம்.

விருந்து நடாத்துவதன் பாரம் பாடசாலை அதிபர்களுக்கு நன்கு விளங்கும். வலய மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டியை எங்கள் பாடசாலையிலே நடாத்தித் தருமாறு கடிதம் வந்தால், முதல்நாள் பெருமை; இரண்டாம் நாளிலிருந்து தலையிடி. அயற் பாடசாலைகளிலிருந்து வாங்குகளும் மேசைகளும் ஏற்றிவர வேண்டும். நடுவர்களை அழைத்துவரவும் கொண்டுபோய்விடவும் வாகனம் வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் வருவாரா, மின்சாரம் நிற்குமா, பிள்ளைகளுக்குத் தேநீரும் பணிசும் போதுமா என்று இரவு நித்திரை இராது. பழைய மாணவர் சங்கத்தாரின் வாசற்படியேறாத அதிபர் எவரும் இலர். நூறு பிள்ளைகளுக்கே இப்பாடு என்றால், இருபத்தைந்து நாடுகளின் பாடகர், இசைநெறியாளர், பத்திரிகையாளர் அனைவரையும் அழைத்து, பல கோடி மக்கள் ஒரே கணத்திற் பார்த்திருக்கப் பிழையின்றி நடாத்துவதென்றால் என்ன பாடாகும்?

இனி அயர்லாந்துக்கு வருவோம். அந்நாட்டின் சனத்தொகை அக்காலத்தில் முப்பத்தைந்து இலட்சம் மட்டில். அதன் தேசிய நிலையமாகிய ஆர். ரி. ஈ., அனுமதிப்பத்திரக் கட்டணத்தாலும் விளம்பர வருவாயாலும் நடைபெறுவது. 1970, 1980, 1987 ஆகிய ஆண்டுகளில் வென்று, மும்முறையும் தலைநகர் டப்ளினிலே போட்டியை நடாத்திய அனுபவம் அதற்கு உண்டு. 1992 மே மாதத்தில், சுவீடனின் மால்மோ நகரிலே லிண்டா மாட்டின் என்னும் பாடகி மீண்டும் வென்றார். அவ்விரவே நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் கோர்க் மாவட்டத்து மில்ஸ்ட்ரீற் என்னும் சிற்றூரைச் சேர்ந்த நோயல் டக்கன் என்ற வணிகர். அவ்வூரிலே குதிரைக் காட்சிகளும் குதிரைப் பாய்ச்சற் போட்டிகளும் நடைபெறும் 'கிரீன் கிளென்ஸ்' என்னும் பெரிய உள்ளரங்கு அவருக்குச் சொந்தம். போட்டியை அங்கே நடாத்தலாம். வாடகை வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம்.

மில்ஸ்ட்ரீற்றின் சனத்தொகை ஏறக்குறைய 1,500. தலைநகரிலே மண்டபங்கள் இருக்க, ஒரு நாட்டின் தேசிய நிலையம் இத்தகைய கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு ஒதுக்கிவைத்திருக்கலாம். பெரிய அலுவலகங்களுக்குச் சிற்றூர்களிலிருந்து போகும் கடிதங்களுக்கு நேரும் கதி நமக்குத் தெரியாததன்று. ஆனால் ஆர். ரி. ஈ. அதனை ஆராய்ந்தது, ஏற்றுக்கொண்டது. விளக்குகளைத் தொங்கவிடப் போதிய உயரம் வேண்டி, அரங்கின் தரையை அகழ்ந்து தாழ்த்தினார்கள். ஊரின் புகையிரத நிலைய மேடையை நீட்டினார்கள். விருந்தினர் அயலூர்களிலும் தங்கினர். நிலையம் தன் கலையகத்துக்கு வெளியே அதுவரை நடாத்திய ஒளிபரப்புகளுள் அதுவே மிகப் பெரியது. இலண்டனிலே செய்தி வாசிப்பவர் ஒருவர், 'மாட்டுக்கொட்டகையிலே பாட்டுப்போட்டி' என்னும் கருத்துப்பட எள்ளிநகையாடி, பின்னர் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. 1993 மே 15ஆந் திகதி போட்டி ஒரு குறையுமின்றி நிறைவேறியது.

அன்றிரவு நடந்த இன்னொன்றையும் நான் சொல்லியாகவேண்டும். என்னளவில் அப்போட்டியின் நெஞ்சு அதுவே. யூகோசிலாவியா சிதறி, அதிலிருந்து பிரிந்த பொஸ்னியா-ஹேர்சகோவினா, குரோவேசியா, சுலோவேனியா என்னும் மூன்று நாடுகளும் அவ்வாண்டே முதன்முறையாகப் பங்குபற்றின. பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோ அப்பொழுது ஓராண்டுக்கு மேலாக முற்றுகைக்குள் இருந்தது. அங்கிருந்து வந்த பாடகர் குழுவினர், இருளிலே, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, விமான ஓடுபாதையைக் குறுக்கறுத்து ஓடித் தப்பி வெளிவந்தவர்கள். அவர்களுடைய இசைநெறியாளரால் வெளிவர முடியவில்லை. விருந்து வைத்தவர்களின் வாத்தியக் குழுவை நெறிப்படுத்திய அயர்லாந்தின் நோயல் கெலெஹன், பொஸ்னியப் பாடலையும் தாமே நெறிப்படுத்தினார். உலகத்தின் வேதனை முழுவதையும் பற்றிப் பேசுவதாக அப்பாடலின் தலைப்பு அமைந்திருந்தது.

புள்ளிகளைத் தொலைபேசியிலே சொல்லும் முறை அந்நாளில் இருந்தது. ஒவ்வொரு தலைநகராக அழைத்தார்கள். சரயேவோவின் முறை வந்தது. கம்பியிலே இரைச்சல், அதன் ஊடே, எங்கோ ஆழத்திலிருந்து வருவது போல ஒரு மனிதக் குரல் மில்ஸ்ட்ரீற்றை அழைத்தது. புள்ளிகளைச் சொல்லத் தொடங்குமுன்னரே அரங்கு முழுவதும் கைதட்டி ஆரவாரித்தது. அவர்கள் பாட்டுக்காகத் தட்டவில்லை. தொடர்பு அறுந்த ஊரிலிருந்து ஒரு குரல் வந்து சேர்ந்ததே என்பதற்காகத் தட்டினார்கள். அறுந்துபோன ஊர்களிலே வானொலிப் பெட்டிக்குக் காதைக் கொடுத்து இருந்தவர்களுக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை. ஒலிபரப்பு நிலையம் ஒன்று எதற்காக இருக்கின்றது என்று மாணாக்கர் என்னைக் கேட்டால், அந்தச் சில விநாடிகளையே நான் எடுத்துச் சொல்வேன்.

அந்த இரவிலும் அயர்லாந்தே வென்றது! 1994 ஏப்பிரில் 30ஆந் திகதி டப்ளினிலே மீண்டும் போட்டி. புள்ளி சொல்வோரைத் தொலைபேசியில் மட்டுமன்றிச் செய்மதி வழியாகத் திரையிலும் காட்டியது அவ்வாண்டே முதன்முறை. பாடல்களெல்லாம் முடிந்து, புள்ளிகள் கணக்கிடப்படும் இடைவேளையை நிரப்ப ஏதாவது வேண்டுமல்லவா? வெளிநாட்டுப் பெரும் பாடகர் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்திருக்கலாம். நிலையத்தின் தயாரிப்பாளர் மோயா டொஹேட்டி அவ்வாறு செய்யவில்லை. கைகளை உடலோடு ஒட்டி வைத்துக் காலால் மட்டும் ஆடுகின்ற நாட்டு நடனத்தை, ஊர்ப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பிள்ளைகள் பயின்றுவந்த அந்தப் பழைய ஆட்டத்தை, மேடைக்குக் கொண்டுவந்தார். பில் வீலன் இசையமைத்தார். மைக்கல் பிளாற்லியும் ஜீன் பட்லரும் முன்னின்று ஆடினர். 'ரிவர்டான்ஸ்' என்னும் பெயரிலே ஏறக்குறைய ஏழு நிமிடம். அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் சபை எழுந்து நின்றது. மறு ஆண்டு பெப்புருவரியில் அது முழுநீள அரங்க நிகழ்ச்சியாக விரிந்தது. பின்னர் உலகமெங்கும் சுற்றியது. அவ்விரவு எந்தப் பாட்டு வென்றது என்பதை மறந்தவர்களும் அந்த ஆட்டத்தை மறக்கவில்லை.

வென்றதும் அயர்லாந்துதான் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாத்தியக் குழுவின் துணையே இல்லாமல், ஒருவர் பியானோவிலும் ஒருவர் கித்தாரிலுமாகப் பாடிய எளிய பாடல் அது. தொடர்ந்து மும்முறை வென்ற நாடு வேறில்லை. நிலையத்தாருக்கோ அடிவயிறு கலங்கியிருக்கும். தோற்பதற்காகவே இத்தகைய பாடலைத் தெரிந்தார்கள் என்று ஊரார் கதைகட்டினர். 1996இலே தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்று, செலவுக்கு அஞ்சி வேண்டுமென்றே படுமோசமான பாடலை அனுப்பும் கற்பனையை வைத்து ஐரிஷ் மக்களையே வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தது. 1995இலும் டப்ளினிலே விருந்து நடந்தது. நல்லவேளையாக நோர்வே வென்றது. ஓராண்டு மூச்சுவிட்டார்கள். ஒஸ்லோவிலே எய்மியர் குவின் வென்றதால், 1997இலே மறுபடியும் டப்ளின். ஐந்தாண்டுகளில் நான்கு விருந்து!

இத்தனையும் தகுமா என்று கேட்பவர்களுக்கு என் எண்ணத்தைச் சொல்லுகின்றேன். பெரிய நாட்டைப்போலத் தோன்றவேண்டும் என்பதற்காகச் செலவிட்ட பணம் மறுநாட் காலையிலே புகைந்து போய்விடும். ஆர். ரி. ஈ. செய்த நல்ல காரியங்கள் இரண்டு. இரண்டும் தன்னிடம் இருந்ததைக் கொண்டே செய்தவை. ஒன்று, சிற்றூரின் குதிரை அரங்கு. மற்றது, பிள்ளைகளின் நாட்டு நடனம். இவை இரண்டும் இல்லையென்றால், அந்நிலையம் நான்குமுறை நடாத்தியது வெறும் கணக்குப் புத்தகச் செய்தியாகவே நின்றிருக்கும். 1995இல் நடந்ததைப் பற்றி நான் ஒரு வரிக்குமேற் சொல்லாததற்கும் காரணம் அதுவே.

விருந்துக் கடமை பிற்காலத்திலே வேறொரு வடிவமும் எடுத்தது. 2022 மே மாதம் இத்தாலியின் தூரின் நகரிலே உக்கிரேன் வென்றது. ருசியாவின் படையெடுப்பு தொடங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை. எங்கள் மண்ணிலேயே நடாத்துவோம் என்றது உக்கிரேன். பாதுகாப்பு இடந்தராது என்றது ஒன்றியம். அம்மறுப்பு உக்கிரேனியரைப் புண்படுத்தியது, அது இயல்பே. யூலை மாதத்தில், உக்கிரேனின் சார்பிலே தாம் நடாத்துவதாகப் பி. பி. சி. நிலையத்தார் ஏற்றுக்கொண்டனர். ஏழு நகரங்களைப் பரிசீலித்து, ஒக்டோபரிலே லிவர்பூல் தெரிவாயிற்று. பிரித்தானிய அரசாங்கம் 10 மில்லியன் பவுண் உதவியது. போரினால் இடம்பெயர்ந்து பிரித்தானியாவில் வாழ்ந்த உக்கிரேனியருக்கென்று ஏறக்குறைய 3,000 அனுமதிச் சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியோருள் ஒருவர் உக்கிரேனியப் பாடகி யூலியா சனினா. பந்தல் லிவர்பூலிலே, வீட்டுக்காரர் உக்கிரேனியர் என்பதை ஒரு கணமும் மறவாமல் நடாத்தினார்கள்.

2023 மே 13ஆந் திகதி நடந்த அவ்விறுதிச் சுற்றிலே சுவீடன் வென்றது. ஆகவே 2024ஆம் ஆண்டு விருந்து, லிண்டா மாட்டின் 1992இலே பாடி வென்ற அதே மால்மோ நகருக்குச் சென்றது.