ஹெர்பல் டீ: பானமா, மருந்தா?

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஃபில்டர் காபிக்குப் பேர்போன நம்மவர்கள் மத்தியில் ஹெர்பல் டீ பற்றிப் பேசுவதா என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. சுக்குக் காபியில் காபிக்கொட்டை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதேபோல் ஹெர்பல் டீயில் தேயிலை கிடையாது. தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் ‘டீ’ என்ற பெயரில் விற்கக் கூடாது என்று 2025 டிசம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தெளிவுபடுத்தியது. பெயர் எப்படியானாலும் விஷயம் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீராம நவமிப் பானகத்தில் சுக்கும் ஏலக்காயும் உண்டு. பெருமாள் கோவில் தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கும்.

நாம் குடியேறிய ஊர்களிலும் இதே வழக்கம்தான். கேரளத்தில் பதிமுகம் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். பெங்களூரில் தனியா, சீரகம், மிளகு அரைத்த கஷாயப் பொடியைப் பாலும் வெல்லமும் சேர்த்துக் குடிக்கிறார்கள். மும்பைக் காய்கறிக் கடையில் எலுமிச்சைப் புல்லைக் கட்டாக வாங்கலாம். மராத்தியில் ‘கவதி சஹா’. டில்லிக் குளிரில் ‘காடா’.

இவற்றை ருசிக்காகவே குடிக்கலாம். சாயங்காலம் காபி குடித்தால் ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு இவை வரப்பிரசாதம். இவற்றில் கஃபீன் இல்லை. துளசி, புதினா, எலுமிச்சைப் புல் போன்ற இலைகளைக் கொதிக்க விடாதீர்கள். கொதித்த நீரை ஊற்றி, ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள்; திறந்து வைத்தால் வாசனை ஆவியோடு போய்விடும். சுக்கு, தனியா, பட்டை போன்றவை கொதித்தால்தான் இறங்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: பனங்கல்கண்டும் சர்க்கரைதான்.

இனி ஆரோக்கியத்துக்கு வருவோம். ஆயுர்வேதம் இதில் ஒரு பேதம் வைத்திருக்கிறது. வெந்நீரில் ஊறப்போட்டு வடிகட்டுவது பாண்டம். பல மடங்கு நீர் விட்டு, கால் பங்காகவோ அதற்கும் கீழாகவோ சுண்டக் காய்ச்சுவது கஷாயம். பின்னது வீரியம் மிக்கது. வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவும் நாளும் சொல்லிக் கொடுப்பது. இந்த பேதத்தை நாம் மறந்து போனதில்தான் ஆபத்து இருக்கிறது.

2020-ல் கொரோனா காலத்தில் ஆயுஷ் அமைச்சகம் ஒரு கலவையைச் சொன்னது. துளசி 4 பங்கு, லவங்கப்பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. இதில் 3 கிராம் பொடி, 150 மில்லி நீர், நாளைக்கு ஓரிரு வேளை. அளவு இவ்வளவு தெளிவாக இருந்தும், “மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று கண்டதையும் கலந்து, நாள் முழுவதும் குடித்தவர்கள் உண்டு. அந்த வருஷம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் கொடி சாப்பிட்டு வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை டாக்டர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். அது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் கேள்வி எழுப்பியது. நம் போன்ற கிருஹஸ்தர்களுக்கு இரண்டிலும் பாடம் ஒன்றே: பொடியாகி வந்தபின் அது எந்தக் கொடி என்று நம்மால் சொல்ல முடியாது.

இன்னும் சில உதாரணங்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதமானது. ஆனால் வாரக்கணக்கில் தினமும் குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, பிரஷர் ஏறும். பிரஷர் மாத்திரையும், நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. ‘இளைக்க வைக்கும் டீ’ பாக்கெட்டுகள் பலவற்றில் இருப்பது நிலாவாரை. நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, அந்த ஊர்ப் பெயரோடேயே வெளிநாடு போகும் சரக்கு. அது பேதி மருந்து. குறைவது உடம்பின் நீர், கொழுப்பு அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், சாமந்தி வகையைச் சேர்ந்த கமோமைல் டீயைக்கூட டாக்டரைக் கேட்காமல் வழக்கமாக்கக் கூடாது.

டாக்டர் “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் பட்டியலை நீட்டுகிறோம். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் கஷாயத்தைச் சொல்வதில்லை. அதை மருந்தாகவே நாம் நினைப்பதில்லை. ஆனால் வீட்டில் கேட்டால், மாத்திரையைவிட அதைத்தான் நம்புகிறோம் என்போம். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். மருந்தாக வேலை செய்யும் எதுவும், அளவு மீறினால் மருந்தைப் போலவே தொந்தரவும் செய்யும்.

ஆகவே என் பிரார்த்தனை இதுதான். சமையலில் சேர்க்கும் பொருள், சமையலில் சேர்க்கும் அளவு, நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் என்றால் அது பானம், ஆனந்தமாகக் குடியுங்கள். அதைத் தாண்டினால் அது மருந்து. தேர்ந்த வைத்தியரைக் கேளுங்கள். உங்கள் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும், சிறுநீரக, கல்லீரல் உபாதை உள்ளவர்களும் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ஊரில் தனியே இருக்கும் அப்பா அம்மாவிடம் அடுத்த முறை ஃபோனில் பேசும்போது, “மாத்திரை சாப்பிட்டாயா?” என்பதோடு, “கஷாயம் என்ன போடுகிறாய்?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாசலில் சுக்கு மல்லிக் காபி தயாராக இருக்கிறது. ஆளுக்கு ஒரு டம்ளர், அது பானம்தான்!